தினமும் ஒன்று

அந்தத் தெருவில் மருந்துக்கடை ஒன்றே ஒன்றுதான். முகப்புப் பலகையில் அதற்கு ஒரு பெயர் எழுதியிருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யாரும் விழிப்பார்கள். சீட்டக்கா கடை என்றால் போதும், கண்ணை மூடிக்கொண்டு கை காட்டுவார்கள்.

யார் வந்து என்ன கேட்டாலும் "சீட்டு எங்க?" என்பதுதான் அக்காவின் முதல் பேச்சு. டாக்டர் எழுதிய சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரையோ ஆன்டிபயாட்டிக்கோ அவள் கையிலிருந்து பெயராது. கெஞ்சினாலும் நடக்காது, கத்தினாலும் நடக்காது. ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் சீருடையோடு வந்து அதட்டிப் பார்த்தார். "உங்க தொப்பி சீட்டு ஆகாதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது.

கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனாலும் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தெரு முழுக்க அங்கேதான் ஓடியது. சின்னக் காய்ச்சல் என்றால் மருந்து கொடுப்பாள். குழந்தையின் கண்ணைப் பார்த்துவிட்டு, "இது என்கிட்ட நிக்கற காய்ச்சல் இல்ல, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ" என்று ஆட்டோவையும் அவளே கூப்பிட்டு ஏற்றி அனுப்பிய நாட்களும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மாத்திரை உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பாள். வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லாதவர்களின் இன்சுலின் புட்டிகள் கடைப் பெட்டியில், அவரவர் வீட்டு அடையாளம் எழுதி வரிசையாக நிற்கும்.

கடையை அக்காவும் தம்பியும் நடத்தினார்கள். பார்மசி படித்து முறையாகப் பதிவு செய்தவள் அக்கா. அவளுடைய சான்றிதழும் கடையின் லைசென்சும் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கின. சட்டப்படி அவள் கடையில் இருந்தால்தான் சீட்டு மருந்து வெளியே போகலாம். தம்பி பில் போடலாம், பெட்டி பிரிக்கலாம், அவள் சொல்லும் அட்டையை எடுத்து நீட்டலாம். அதற்கு மேல் கிடையாது. அவன் பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டவன். மாடியில்தான் வீடு. தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய மகள், கல்யாணம் பண்ணிக்கொள்ளாத அக்கா. அக்கா படித்த படிப்பில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது.

மறதி முதலில் சிரிப்பாகத்தான் வந்தது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே "சீட்டு எங்க?" என்று கேட்டாள். கடையே சிரித்தது, அவளும் சிரித்தாள். பிறகு மூக்குக் கண்ணாடி குளிர்பதனப் பெட்டிக்குள் கிடைத்தது. பிறகு ஒருநாள் ரத்த அழுத்த மாத்திரை இழுப்பறையில் தைராய்டு மாத்திரைகள் அடுக்கியிருந்தன. தம்பி மட்டும் பார்த்தான். சத்தம் போடாமல் எடுத்து மாற்றி வைத்தான்.

அன்றிலிருந்து அக்கா கொடுக்கும் ஒவ்வொரு உறையையும் பில் போடுகிற சாக்கில் வாங்கி, சீட்டோடு ஒத்துப் பார்த்த பிறகே ஆளிடம் கொடுத்தான். தவறு இருந்தால் "அக்கா, இதைக் கொஞ்சம் பாரு" என்பான். அவளும் பார்த்துத் திருத்துவாள். இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

மனைவி சொன்னாள். "டாக்டர்கிட்ட காட்டலாம்ங்க. வயசு ஆகுதுன்னு விடற மாதிரி தெரியல."

"காட்டினா என்ன வியாதின்னு எழுதிக் குடுத்துடுவாங்க. எழுதிட்டாங்கன்னா அக்கா அந்த நாற்காலியில உக்கார முடியாது."

"வேற யாரையாவது வேலைக்கு வைங்க."

"நான் தேடாமலா இருக்கேன்? பெரிய ஆஸ்பத்திரியில குடுக்கற சம்பளத்தை நம்மால குடுக்க முடியுமா? வந்து பாத்துட்டு வரேன்னு போறவங்க அப்படியே போயிடறாங்க."

அந்தச் சமயத்தில் மருந்து ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். காலாவதித் தேதிகளைப் பார்த்தார், பதிவேட்டைப் புரட்டினார், அக்காவிடம் கேள்விகள் கேட்டார். தம்பி பில் புத்தகத்தைப் புரட்டுவதுபோலக் கேட்டுக்கொண்டு நின்றான். அக்கா ஒன்றுக்குக்கூடத் தடுமாறவில்லை. பழைய பாடமெல்லாம் அவளுக்குள் அப்படியே இருந்தது. "உங்க கடைக்கு வந்தா எனக்கு வேலையே இல்லம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தம்பி தன்னையே தேற்றிக்கொண்டான். இவ்வளவு ஞாபகம் இருக்கிறவளுக்கு என்ன பெரிய வியாதி இருந்துவிடப் போகிறது?

எதிர்வரிசையில் தையற்கடை. தையற்காரருக்குக் கொஞ்ச காலமாக விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாமல் போயிற்று. மூட்டு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு தையற்காரரின் மனைவி கடைக்கு வந்தாள். அந்த மதியம் தம்பி கடையில் இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள் என்று போன் வந்து, போட்டது போட்டபடி ஓடியிருந்தான். கட்டுப் போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பியபோது அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"யாராவது வந்தாங்களாக்கா?"

"எதிர்வீட்டு டெய்லர் பொண்டாட்டி வந்தா. மாத்திரை குடுத்து, எப்படிச் சாப்பிடணும்னு ரெண்டு தடவை சொல்லி அனுப்பினேன். குழந்தை கை எப்படி இருக்கு?"

மகள் வலியில் அழுதுகொண்டிருந்தாள். அவளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போன தம்பிக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு வாரம் கழிந்திருக்கும். தையற்காரரே கடைக்கு வந்தார். உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார்.

"வாயெல்லாம் வெந்து கெடக்கு தம்பி. தண்ணி குடிச்சாக்கூட எரியுது."

"சூடா இருக்கும்ணே. மெஷின் மேலேயே குனிஞ்சு கெடந்தா?"

"சாப்பிட முடியாதது கூடப் பரவால்ல. துணி குடுத்தவங்க வந்து திட்டறாங்க, திருப்பித் திட்ட முடியல. அதான் பெரிய கஷ்டமா இருக்கு."

தம்பி சிரித்துக்கொண்டே வாய்ப்புண்ணுக்குத் தடவும் களிம்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அதற்குச் சீட்டு வேண்டியதில்லை. அக்கா உள்ளே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பழைய அக்காவாக இருந்தால் எழுந்து வந்து, வாயைத் திற என்று டார்ச் அடித்துப் பார்த்து, புதுசா என்ன மாத்திரை சாப்பிடுற என்று கேட்டிருப்பாள். தம்பிக்கு அந்தக் கேள்வி தெரியாது.

சில நாட்களில் தையற்கடையின் கதவு திறக்கவில்லை. ஆளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு மாலை, கடை சாத்தும் நேரத்தில், தையற்காரரின் மனைவி ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள். கட்டியிருந்த துணி கசங்கி, முகம் ஒடுங்கிப் போயிருந்தாள். நோயாளியின் வாயைத் துடைக்கப் பஞ்சு கேட்டாள்.

"அண்ணன் எப்படி இருக்காரு அண்ணி?"

"எப்படின்னு சொல்றது தம்பி. காய்ச்சல் விடல. ஈறுலேர்ந்து ரத்தம் வருது. ரத்தத்துல அணுவெல்லாம் இறங்கிப்போச்சாம். ஏன்னு கண்டுபிடிக்க முடியலன்றாங்க. பாட்டில் பாட்டிலா ஏத்தறாங்க."

"என்னென்ன மாத்திரை சாப்பிட்டாருன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. மூட்டு வலிக்குன்னேன். பேரு எனக்கு எங்க வாயில நுழையுது? அங்க ஒரே கூட்டம், சரின்னுட்டுப் போயிட்டாங்க." அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் ஒரு வேளைகூடத் தவறவிடல தம்பி. அக்கா சொன்ன மாதிரியே அந்த மூட்டு மாத்திரை தினமும் ஒன்னு. சத்து மாத்திரை ஞாயித்துக்கிழமை மட்டும். முடியாம படுத்துட்டப்பவும் நானே வாயில போட்டுத் தண்ணி ஊத்தினேன்."

தம்பியின் கை பஞ்சுப் பொட்டலத்தின் மேல் நின்றுவிட்டது.

அந்த மூட்டு மாத்திரை வாரத்துக்கு ஒருமுறை மட்டும். சத்து மாத்திரைதான் மற்ற நாட்களுக்கு. இரண்டும் மஞ்சள், இரண்டும் சின்னது. அதனால்தான் அக்கா பல வருடங்களுக்கு முன்பே அந்த மாத்திரைக்குத் தனி இழுப்பறை ஒதுக்கி, 'வாரம் ஒரு நாள்' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தாள். தினமும் கொடுத்தால் அது மருந்தில்லை, விஷம். படிக்காத தம்பிக்கே அது தெரியும்.

"பாத்துப் போங்க அண்ணி" என்றான். அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

திரும்பியபோது அக்கா உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் பல மாதங்களாகக் காணாத ஒரு தெளிவு இருந்தது.

"அவ என்ன சொல்லிட்டுப் போறா? மூட்டு மாத்திரை தினமுமா?"

தம்பி தலையாட்டினான்.

"யாரு குடுத்தது? நீயா, நானா?"

"நீதான்கா. அன்னிக்கு நான் இல்ல."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்து, அவை யாருடைய கைகளோ என்பதுபோலப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணு. அதுக்கு மாத்து மருந்து இருக்கு. சீக்கிரம் ஏத்தினாதான் பிரயோஜனம். அப்புறம் ஆய்வாளருக்குப் பண்ணு. நடந்ததை நடந்தபடி சொல்லு."

"அக்கா, கடை போயிடும்."

"போகட்டும்."

"லைசென்ஸ் மட்டும் இல்லக்கா. கேஸாகும். உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. காலையில யோசிச்சு..."

"காலையில எனக்கு இது ஞாபகம் இருக்காதுடா." அவள் குரலில் கோபமில்லை. "எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச? பில் போடறேன்னு ஒவ்வொரு கவரா வாங்கி நீ பாக்கறது எனக்குத் தெரியாதா? நீயும் சொல்லல. நானும் சொல்லல. நான் படிச்சவ, நான் சொல்லியிருக்கணும். இப்ப தெளிவா இருக்கேன். நான் தெளிவா இருக்கும்போதே பண்ணு."

அவளே போனை எடுத்தாள். திரையைத் தொட்டாள். எண்களைத் தேடினாள். எதையோ அழுத்தி, அது வேறு எதற்கோ போக, மறுபடி அழுத்தினாள். என்ன செய்ய எடுத்தோம் என்ற குழப்பம் மெல்ல அவள் முகத்தில் ஏறுவதைத் தம்பி பார்த்துக்கொண்டே நின்றான். அருகில் போய்ப் போனை வாங்கிக்கொண்டான்.

"நான் பண்றேன்கா. நீ மேல போய்ச் சாப்பிடு."

"பண்ணிடுவல்ல?"

"பண்றேன்கா."

அவள் நம்பிப் படியேறினாள். அவன் பண்ணவில்லை. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும், இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டான். மகளின் கைக்கட்டைப் பார்த்தான். மனைவி என்ன என்று கேட்டதற்குத் தலைவலி என்றான். மனதின் அடியில் இன்னொன்றும் கிடந்தது. விடிந்தால் அக்கா மறந்துவிடுவாள். அவள் மறந்துவிட்டால் தன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

காலையில் அக்கா தலைவாரி, வெளுத்த கோட்டை மாட்டிக்கொண்டு கீழே வந்தாள். தம்பி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏண்டா மூஞ்சி இப்படி இருக்கு? சாப்பிட்டியா இல்லையா?"

அவ்வளவுதான் கேட்டாள். இரவெல்லாம் அவன் காத்திருந்தது இதற்குத்தான். கிடைத்ததும் அவள் முகத்தைப் பார்க்காமல் கதவைத் திறக்கப் போனான்.

கதவைத் திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு சீட்டை நீட்டினாள். அக்கா வாங்கிப் படித்தாள். இழுப்பறைகளின் பக்கம் திரும்பி ஒன்றின்மேல் கை வைத்தாள், எடுத்தாள், இன்னொன்றின்மேல் வைத்தாள். குழந்தை வாயில் விரல் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தது.

தம்பி குறுக்கே போய்ச் சீட்டை வாங்கி அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தான். "இன்னிக்குக் கடை இல்லம்மா. கோவிச்சுக்காத, வேற கடையில வாங்கிக்க." பிறகு அக்காவை மாடிக்கு அனுப்பிவிட்டு, இரும்புக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

வார்டில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். மருந்தின் பெயரையும் அது எத்தனை நாள் தினமும் உள்ளே போயிருக்கும் என்பதையும் அவன் சொன்னான். அவள் திட்டவில்லை. "இங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நர்சுகள் ஓடினார்கள். மாற்று மருந்து வந்தது, ஏற்றினார்கள். அவள் திரும்பி வந்தபோது ஒன்றுதான் கேட்டாள்.

"இது உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?"

"இப்பதான் டாக்டர்" என்றான். "காலையிலதான்."

அவள் எழுதிக்கொண்டாள்.

அங்கிருந்தே ஆய்வாளருக்கும் போன் செய்தான். ஆய்வாளர் மறுநாள் இன்னோர் அதிகாரியோடு வந்தார். கடையைத் திறக்கச் சொல்லி, அந்த இழுப்பறையையும் பதிவேட்டையும் பார்த்தார். மாடியிலிருந்து அக்கா இறங்கி வந்து, பழைய மரியாதையோடு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். ஆய்வாளர் உட்காரவில்லை. அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி, அதை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.

"வாரத்துக்கு ஒரு நாள் சார். எந்தக் கிழமைன்னு கவர்ல எழுதிடணும். கூடச் சத்து மாத்திரை. வாய்ப்புண் வந்தா உடனே நிறுத்திட்டு ரத்தம் பாக்கணும்." பாடம் ஒப்பிப்பதுபோல மாற்று மருந்தின் பெயரையும் சொன்னாள். "இதுல தப்பு நடந்தா ஆள் போயிடுவாங்க சார். நான் தம்பிகிட்டகூட இதை விடறதில்ல, என் கையாலதான் குடுப்பேன்."

ஆய்வாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துவிட்டு, மறுபடி பேனாவை எடுத்து எழுதினார். விசாரணை முடியும்வரை லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்டது. கதவில் முத்திரை வைத்தார்கள். இன்சுலின் புட்டிகளை மட்டும் உரியவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட அனுமதித்தார். ஈரத்துணியில் சுற்றியும் சில்லிட்ட போத்தலோடு சேர்த்தும் அவர்கள் வாங்கிப் போனார்கள். ஒரு கிழவர் மட்டும் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை நான் எங்க கொண்டுபோய் வைக்க?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

தையற்காரர் அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

தெருவில் இருவிதமாகப் பேசினார்கள். கிழவியை உட்கார வைத்து வியாபாரம் பண்ணி ஆளைக் கொன்றுவிட்டார்கள் என்றார்கள் சிலர். எத்தனை வருஷமாக எத்தனை பேரைக் காப்பாற்றியவள், ஒரு தப்புக்குக் கடையையே மூடுவதா என்றார்கள் சிலர். இரு தரப்பாருமே சின்ன மருந்துக்கும் பஸ் ஏற வேண்டியிருந்தது.

இழவு வீட்டுக்குத் தம்பி போய்த் தூரத்தில் நின்றுவிட்டு வந்தான். பிறகு ஒருநாள் தையற்காரரின் மனைவியே மாடிப்படி ஏறி வந்தாள். உட்காரச் சொன்னதற்கு நின்றபடியே பேசினாள்.

"ஒன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன் தம்பி. ஆஸ்பத்திரியில மாத்திரை மாறிப்போச்சுன்னாங்க. அக்கா தப்பா சொல்லியிருக்க மாட்டாங்க. இத்தனை வருஷத்துல சொன்னதில்ல. நான்தான் அன்னிக்கு மாத்திக் கேட்டுட்டனோ? எனக்குக் காது கொஞ்சம் மந்தம். என் கையால நானே..."

மேலே பேச முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பியின் மனைவி அவனைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினால்கூடப் போதும், இந்த அம்மாள் அதை நம்பிச் சாகும்வரை சுமப்பாள் என்பது அவனுக்குத் தெரிந்தது.

"இல்ல அண்ணி. நீங்க சரியாத்தான் கேட்டீங்க. அக்காதான் மாத்திச் சொல்லிட்டா. அவளுக்கு மறதி நோய். ரொம்ப நாளா எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உக்கார வெச்சேன்."

அவள் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"இன்னொன்னும் இருக்கு. பஞ்சு வாங்க வந்தீங்களே, அன்னிக்கு நீங்க சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அக்காவும் உடனே போன் பண்ணச் சொன்னா. நான் பண்ணல. விடிஞ்சுதான் வந்தேன். டாக்டர்கிட்டப் பொய் சொன்னேன்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா அவரு பொழைச்சிருப்பாரா?"

"தெரியல அண்ணி."

"டாக்டருக்காவது அது தெரியுமா?"

"முந்தின நாளே மருந்து ஏத்தியிருந்தான்னு கேட்டேன். சொல்ல முடியாதுன்னாங்க."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். "இதை விசாரணையில வந்து சொல்லுவியா?" என்று மட்டும் கேட்டாள். அதுவரை அவனை நீங்க என்றுதான் பேசியிருந்தாள்.

"சொல்றேன்."

சொன்னான். ஆய்வாளர் முன்னால் ஒருமுறையும், பிறகு நீதிமன்றத்தில் ஒருமுறையும் சொன்னான். டாக்டர்கள் அக்காவைப் பரிசோதித்து, அவள்மேல் வழக்கு நடத்த முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவள் பெயர் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. கடையின் லைசென்ஸ் ரத்தானது. தம்பி கொஞ்ச காலம் சிறையில் இருந்துவிட்டு வந்தான். வந்த பிறகு ஒரு சிமென்ட் கிடங்கில் மூட்டை தூக்கப் போனான். மருந்து இருக்கும் இடத்தில் அவனை யாரும் வேலைக்கு வைக்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா, "எதிர்ல டெய்லர் ஏன் கடை திறக்கறதே இல்ல?" என்று கேட்டாள். மனைவி கண்ணால் வேண்டாம் என்றாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். அக்காவுக்குப் பாதி எட்டியது, பாதி எட்டவில்லை. எட்டியதற்கே அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"நான் சொன்னப்பவே நீ போன் பண்ணியிருந்தா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று அவன் கொண்டுபோன சாப்பாட்டை அவள் தொடவில்லை. மனைவி போய் ஊட்டிப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை அவன் கிடங்குக்குக் கிளம்பியபோது அக்கா கதவருகே வந்து, "வெயில்ல நிக்காதடா" என்றாள். அவளுக்கு எதுவும் நினைவில்லை. அவன் சரி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.